ஆமென் வராத ஜெபம்

அவளால் ஆமென் சொல்ல முடியவில்லை.

சொன்னால் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் எதிரில் எமீமா இருப்பாள்.

அதனால் ஜெபத்தை நீட்டினாள்.

கோயிலை ஒட்டிய ஹாலில் பாய் விரித்து, வாலிபப் பெண்கள் பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு மூன்று மணிக் கூடுகை. முடிக்கும்போது அவள் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி, அவளவள் பாரத்தையும் சொல்லி ஜெபிப்பாள். அக்கா ஜெபித்தால் கல்லும் கரையும் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. அது அவள் காதிலும் விழுந்திருந்தது. பிடித்தும் இருந்தது.

ஒருத்திக்கு நர்சிங்கில் அரியர். ஒருத்தியின் அம்மாவுக்கு முட்டுவலி. ஒருத்தியின் அண்ணனுக்கு விசா.

எமீமாவுக்கு மட்டும் பதினோரு மாதமாக ஒரே வரி. எங்கள் தங்கையை ஆசீர்வதியும் ஆண்டவரே. வேறென்ன சொல்ல? அந்தப் பெண் வாயைத் திறந்தால்தானே! கதவோரம் உட்காருவாள். கடைசிப் பாட்டு பாதியில் இருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஆனாலும் அக்கா விடவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் கஞ்சி கொண்டுபோனாள். எதையும் துருவவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கஷ்டமான ஊழியம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

போன ஞாயிறு கோயிலில் அசனம். ஊருக்கே சோறு போட்டு முடித்தபின் இரண்டு பேருமாகப் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எமீமா அண்டாவுக்குள் தலையை விட்டபடியே சொன்னாள்.

அப்பா துபாயில் இல்லை. ஜெயிலில் இருக்கிறார். வீட்டைத் தவிர வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது.

சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தாள்.

அவள் சாம்பல் கையோடு எமீமாவைக் கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவும் இல்லை, புருஷனிடம்கூட.

ஏழு நாள் கழித்து ஆண்டவரிடம் சொன்னாள். வாய்விட்டு, பதினான்கு பேர் நடுவில்.

“சிறைச்சாலையிலே இருக்கிற எமீமாவின் தகப்பனைக் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே.”

அன்பில் வந்த வார்த்தைதான். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பெருமையும் வந்தது. எமீமாவுக்காகச் சொல்லவும் இன்றைக்கு அவளிடம் ஒன்று இருந்ததே.

வரிக்கு வரி பிள்ளைகள் சொல்லும் ‘ஸ்தோத்திரம்’ இந்த வரிக்கு வரவில்லை.



அப்போதுதான் பியூலா ஞாபகத்துக்கு வந்தாள்.

எமீமாவின் அக்காளைக் கட்டப்போவது பியூலாவின் அண்ணன். காலை ஆராதனையில்தான் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிக் குருவானவர் நிறுத்தினார். கோயிலில் ஒருவர் இருமக்கூட இல்லை. பெண்ணின் அப்பாவுக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் நம்பியிருந்தார்கள். கூடுகைக்கு எமீமாவும் பியூலாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

“ஆகையால் ஆண்டவரே...” என்றாள்.

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மழைக்காக ஜெபித்தாள். வயல்களுக்காக ஜெபித்தாள். நாட்டை ஆள்கிறவர்களுக்காக, வடக்கே ஊழியத்துக்குப் போனவர்களுக்காக. ஆப்பிரிக்கா வரைக்கும் போய்விட்டாள். குரல் நடுங்கியது. அதைப் பரவசம் என்று நினைத்து ஒருத்தி விசும்பினாள்.

யாரோ எழுந்தார்கள்.

வளையல் சத்தம். கதவுச் சத்தம். வாசல் சரளில் செருப்பு இழுபட்டது.

போய்விட்டாள்.

பதினோரு மாதம் கூடவே நடந்து சேர்த்தது, ஒரு வரியில் போய்விட்டது. நெஞ்சு எரிந்தது. கூடவே, சொல்லவே வெட்கம், ஒரு நிம்மதி. அந்த முகத்தை இன்றைக்குப் பார்க்க வேண்டாம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்கலாம். பியூலா சின்னப் பெண், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்த்திப் பேசிவிடலாம்.

வழி தெரிந்ததும் குரல் திரும்பி வந்தது.

“எங்களை விட்டு எழுந்துபோன தங்கையை, ஆண்டவரே, நீரே கைபிடித்துத் திரும்பக் கூட்டிவாரும்...”

“போதும்க்கா.”

எதிரிலிருந்து வந்தது. எமீமாவின் குரல்.

“நான் இங்கனதான் இருக்கேன். ஆமென் சொல்லுங்க.”

சொன்னாள். பிள்ளைகளும் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தாள்.

எமீமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்திருந்தது. அவள் பக்கத்தில், பாயில், ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

வெளியே, வாசலை மறித்த மாதிரி, பியூலா போனோடு நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. “அம்மா” என்றது கேட்டது. மற்றது கேட்கவில்லை.

யாரோ கடைசிப் பாட்டை எடுத்துக்கொடுத்தார்கள்.

எமீமா செருப்பு மாட்டுகிற நேரம் அது. பாட்டு பாதியைத் தாண்டியது. இன்றைக்கு எமீமா எழுந்திருக்கவில்லை.

அந்த வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.