எண்பத்தெட்டாம் மைல்

எண்பத்தெட்டாம் மைலில் சிவப்புத் துணி ஆடுவதைப் பார்த்ததும் ரயில் டிரைவர் வைனோ சிரித்துவிட்டார். "கத்துக்கிட்டா பாத்தியா" என்றபடி பிரேக்கைப் பிடித்தார்.

"யாரு, ஏபெலோட பொண்டாட்டியா?" கார்டு டெல்ஃபின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "பரவால்ல, டவுன் பொண்ணுக்கும் விவரம் வந்துடுச்சு."

ஏபெல் வேட்டைக்காரன். ஏரிக்கரையில் ஒற்றைக் குடிசை. இந்தக் கோடையில்தான் நகரத்திலிருந்து ரொசாலியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். காட்டுக்குச் சாலை கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் நகரத்துக்குப் போகும் இந்த வண்டி ஒன்றுதான்.

ஸ்டேஷனும் கிடையாது. ஏற வேண்டியவர் தண்டவாளத்தின் ஓரம் துணியை ஆட்டினால் வண்டி நிற்கும். வெறும் கையை ஆட்டினால் அது வணக்கம். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை ரொசாலி வெறும் கையோடுதான் வந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். வைனோவும் ஹாரன் அடித்து, தொப்பியைக் கழற்றி வீசிக் காட்டினார்.

"வளைவு திரும்புற வரைக்கும் ஆட்டிக்கிட்டே நின்னா, பெருசு. உன்மேல ஒரு கண்ணு போல" என்று மூன்று நாளாக டெல்ஃபின் விடவில்லை.

இன்று வைனோவின் கடைசி ஓட்டம். நகரத்தில் கேக்கோடு காத்திருந்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். அவரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது: முப்பத்தோரு வருடத்தில், ஏற நின்ற ஒருவரைக்கூட அவர் காட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை.

"இன்னும் எண்பத்தெட்டு மைல். கடைசி நேரத்துல யாரையாவது விட்டுத் தொலைச்சிடாத" என்றாள் டெல்ஃபின்.

"என் உயிரே போனாலும் நடக்காது."

வண்டி நின்றது. ரொசாலியின் பக்கத்தில், அவள் இழுத்து வந்த சறுக்குப் பலகையின் மேல், கூடாரத் துணியில் சுற்றிக் கட்டிய நீளமான பொதி ஒன்று கிடந்தது. அக்டோபர் மாதம், மான் வேட்டைக் காலம். கடைசி நாளாயிற்றே என்று வைனோவே இறங்கி ஒரு பக்கம் பிடித்தார். டெல்ஃபின் மறுபக்கம்.

"நல்ல கனம்." சரக்குப் பெட்டிக்குள் பொதியைத் தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பெருசா அடிச்சவன், ஒரு கை தூக்கிவிட வரக் கூடாதா? எங்கேம்மா படுத்துக் கிடக்கான் உன் புருஷன்?"

ரொசாலி துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போகட்டும். துணியைக் காட்டணும்னு இப்பவாவது சொல்லிக் குடுத்தானே, மகராசன்."

"செவ்வாய்க்கிழமை நீங்க போன பிறகு சொன்னாரு, அண்ணே." அவள் பெட்டிக்குள் ஏறிப் பொதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு."