செண்பகம் செய்த தாழி

"எம்மவ செஞ்ச பானை எது? அதைக் குடுங்க டீச்சரம்மா, நான் கொண்டுக்கிட்டுப் போயிருதேன்."

வகுப்பு வாசலில் நின்ற முத்துக்கனி உள்ளே வரவும் இல்லை, உட்காரவும் இல்லை. கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளுவதும், மைதானத்தை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். அங்கே அவள் மகள் செண்பகம் மற்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

கோமளவல்லி டீச்சர் அலமாரியில் வரிசையாக இருந்த பானைகளைத் திரும்பிப் பார்த்தாள். விடிந்தால் இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகளின் கைவேலையைப் பார்க்கத்தான் வருகிறார். 'படம், பானை என்று பாடத்தைக் கெடுக்கிறீர்கள். இனி ஒரு தாய் தகப்பன் வந்து குறை சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன்' என்று ஹெட்மாஸ்டர் வேறு சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதம் ஸ்ரீவைகுண்டம் கோயில் தூணிலிருக்கும் யாளியை வரையச் சொன்னபோது ஒரு தொல்லையும் இல்லை. பாதி யாளிகள் வெள்ளாடு மாதிரி இருந்தன, அவ்வளவுதான். இந்த மாதம் ஆதிச்சநல்லூர்த் தாழி. தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில் பூமிக்குள் கிடந்த அந்தக் காலத்து மண்பாண்டத்தை இந்தப் பிள்ளைகளும் கையால் செய்து பார்க்கட்டுமே என்று ஆசைப்பட்டாள். செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி என்பதையும் மறைக்கவில்லை. உள்ளே நெல்லும் செத்தவருக்கு உரிய சாமான்களும் வைப்பார்கள் என்று விளக்கமாகவே சொன்னாள். சும்மா இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"இது வெறும் களிமண்ணும் காவியும்தாம்மா. நாளைக்கு ஒருநாள் இருக்கட்டுமே. எல்லாத்திலும் உங்க செண்பகம் செஞ்சதுதான் அழகு. மத்ததுகள் மூடியைச் சும்மா வச்சிருக்கு. இவ மட்டும் சுத்திவர மண்ணைப் பூசி அடைச்சிருக்கா."

"அழகு கிடக்கட்டும். பானையைக் குடுங்க."

"உங்காத்துக்காரர் கப்பல்ல இருக்கார்னு சகுனம் பார்க்கறேளா?"

முத்துக்கனி இன்னொரு முறை மைதானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"கப்பல் இருந்தாத்தான டீச்சரம்மா. கல்கத்தா போற வழியில ஜப்பான்காரன் குண்டு போட்டு முக்கிட்டான். சித்திரையிலேயே கம்பெனி ஆள் வந்து சொல்லிட்டுப் போயிட்டாவ. அவிய உடம்புகூட கிடைக்கலை."

கோமளவல்லியின் கண்கள் முத்துக்கனியின் நெற்றிக்கும் தலையிலிருந்த பிச்சிப் பூவுக்கும் போய் வந்தன.

"பொட்டையும் பூவையும் பாக்கியளா? அப்பம் செண்பகம் டைபாய்டு காய்ச்சல்ல கண்ணு தொறக்காம கிடந்தா. பிள்ளைக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா தெருவே கூடி ஒப்பாரி வைக்கும். அதனால யார்ட்டயும் மூச்சு விடலை. வளையலை மட்டும் உடைச்சேன் டீச்சரம்மா, மனசு கேக்கலை. அவ தூங்கும்போது உடைச்சு, புழக்கடை முருங்கை மூட்டுல புதைச்சேன். மறுநாளே இதே பச்சையில வேற வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

"இன்னும் அவகிட்ட சொல்லலையா?"

"இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிப் போயிட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'அப்பா எப்பம்மா வருவாவ'ன்னு கேப்பா. பொங்கலுக்குன்னு சொல்லுவேன். உடனே சிரிச்சுக்கிட்டே சாப்பிட உக்காந்துருவா. ஒரு நாள் கேக்காம இருக்க மாட்டா."

முத்துக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து வந்து, தாழிக்குள்ள என்னென்ன வைப்பாவன்னு ஒண்ணுவிடாமச் சொல்லுதா. எனக்குக் குலை நடுங்கிட்டு. சாவைப் பத்தியே பேசினா பிள்ளை மனசு அங்கன போயிராதா? நம்ம அப்பாவும் இப்படித்தானோன்னு அவளுக்கு ஒரு நினைப்பு வந்துட்டா நான் என்ன செய்வேன்? அந்தப் பானை அவ கண்ணுல படக் கூடாது."

இன்ஸ்பெக்டராவது, மண்ணாங்கட்டியாவது. கோமளவல்லி போய், அலமாரியின் மேல்தட்டில் முன்வரிசையில் இருந்த செண்பகத்தின் தாழியைத் தூக்கினாள். உள்ளே ஏதோ குலுங்கியது.

"என்ன அது?" என்று முத்துக்கனி கேட்டாள்.

"தெரியலையே. மத்ததெல்லாம் காலியாத்தான் இருக்கு."

முத்துக்கனி தாழியை வாங்கி மேஜைமேல் வைத்து, மூடியைச் சுற்றிப் பூசியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். மூடி பெயர்ந்தது. மேலே ஒரு பிடி நெல் இருந்தது. அதை விரலால் விலக்கினாள்.

நெல்லுக்கு அடியில், மண் போகக் கழுவித் துடைத்த பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன.

முத்துக்கனி அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டு, கோமளவல்லி சட்டென்று மூடியை எடுத்துத் தாழியை மூடினாள்.

முதல் ஆளாக ஓடிவந்த செண்பகம் தாயின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். பிறகு மெல்லக் கிட்டே வந்து, பாவாடை நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. பொங்கலுக்கு அப்பா வந்துருவாவ" என்றாள்.