ஆடாத சுரம்

"எல்லாம் சரிண்ணே. கடைசி சுரத்தை மட்டும் ஆட்டாம, நேரா நிறுத்துங்க" என்றார் மாஸ்டர்.

என் கணவர் சரி என்று தலையசைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் பாடகியின் கோட்டுக்குக் கை மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள். மாஸ்டர் நடத்தும் இந்த இசைக்குழுவுக்கு உடை தைப்பவள் நான், பேஸ் கித்தார் வாசிப்பவர் அவர். வாயில் ஊசி மட்டும் இல்லையென்றால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஆட்டாமலாம். அந்த ஆட்டத்தைக் கேட்டுத்தானே இத்தனை நாளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இப்போது வாசிப்பது, கடை மூலையில் தூசி படிந்து கிடந்த கித்தார். இருப்பதிலேயே மலிவு. மற்ற கித்தார்களின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பி பதித்திருக்கும். ஃப்ரெட் என்பார்கள். விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் சுரத்தை அது பிடித்துக்கொள்ளும். இதற்கு அது கிடையாது. வெறும் வழவழப்பான பலகை. விரல் ஒரு நூல் தள்ளினால் சுரமும் ஒரு நூல் தள்ளிப்போகும்.

"இதை யாரும் தொடவே மாட்டாங்கம்மா. திருப்பிக் கொண்டுவந்தா வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் கடைக்காரர்.

திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை.

வீட்டில் நல்ல கித்தார் ஒன்று போர்வைக்குள் இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே மனுஷன் என்று குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாட்டு வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு சுரமும் குழைந்து குழைந்து வந்தது. கித்தாரில் கமகம் பேசுகிறாரே என்றார் மாஸ்டர். பாடகி அழுதேவிட்டாள். இந்த வயதில் இவ்வளவு உணர்ச்சியா என்று கேட்டாள்.

உணர்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது. அவருடைய இடது கை நடுங்குகிறது.

பழைய கித்தாரில் விரல் நடுங்கினால் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். நாலு தெருவுக்குக் கேட்கும். இதில் நடுக்கம் சுரத்தோடு கலந்துவிடுகிறது. அதற்காகத்தான் இதை வாங்கினோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் மறைத்தோம். அவர் சட்டைகளுக்கெல்லாம் பொத்தானைப் பிடுங்கிவிட்டு, அமுக்கினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன் வைத்தேன். டம்ளரில் அரை அளவுக்குத்தான் டீ ஊற்றுகிறேன். வேறு தொழில் தெரியாத மனுஷனுக்கு இந்த நாற்காலியும் போய்விட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்தே செத்துப்போவார். அந்தப் பயம் எனக்கு.

எங்கள் டிரம்மர் இப்படித்தான் போனார். கை கொஞ்சம் பிந்துகிறது என்று மாஸ்டர் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் காது கத்தி மாதிரி. டிரம்மர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்குத் தட்டுகிறது.

"அந்த முடிவை மட்டும் ஒரு தடவை பார்ப்போம்" என்றார் மாஸ்டர்.

பாட்டின் கடைசி இரண்டு வரியைப் பாடகி தனியாகப் பாடுவாள். அப்போது யாருக்கும் வேலை இல்லை. அவள் முடித்ததும் பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் நீளமாக நிற்க வேண்டும்.

கை மடிப்பில் ஊசி குத்தியிருந்த கோட்டோடு அவள் பாட ஆரம்பித்தாள்.

அவர் கித்தாரின் சத்தத்தை அடக்கிவிட்டு, இடது கையை அதன் கழுத்திலிருந்து எடுத்தார். நுனியிலிருந்த திருகாணி ஒன்றைப் பிடித்தார். கித்தாரின் உடம்பில் தாடையை அழுத்தி, யாருக்கும் கேட்காமல் கம்பியைச் சுண்டிச் சுண்டி, எலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டே கம்பியைத் தளர்த்தி அந்தக் கடைசி சுரத்துக்கு இறக்கினார். அவள் முடிக்கும்போது இடது கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்த விரலும் தொடாத வெறும் கம்பி. அது எப்படி நடுங்கும்? அட என் ராசா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வலது கையால் சத்தத்தைத் திரும்ப ஏற்றிவிட்டு, ஒரே ஒரு முறை மீட்டினார்.

சுரம் தூண் மாதிரி நின்றது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அது முழுவதும் அடங்கட்டும் என்று எல்லோரும் அசையாமல் இருந்தோம். என் கணவர் வழக்கம்போல வலது கட்டைவிரலைக் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பட்டையில் ஊன்றியிருந்தார். சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அந்தப் பட்டைதான்.

சுரம் அடங்கியது.

ஸ்பீக்கரில் டுக், டுக், டுக் என்று மெதுவாக ஏதோ கேட்டது.

"அந்தப் பெட்டியை நிறுத்துங்கப்பா. தட்டிக்கிட்டே இருக்கு" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல்.

கீபோர்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அது ஆஃப்லதான் இருக்கு மாஸ்டர்."

நான் என் கணவருடைய வலது கையைப் பார்த்தேன். இதுவரை நன்றாக இருந்த கை. கட்டைவிரல் தானாகப் பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய விரலோ என்பதுபோல.

டுக், டுக், டுக்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்.

நான் ஊசி டப்பாவைத் தரையில் போட்டேன்.

தகர டப்பா. அறை முழுக்கச் சத்தம். ஊசிகள் நாலாபக்கமும் சிதறின. எல்லோரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். அந்த அமளியில் அவர் வலது கையையும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மாஸ்டர் ஒரு பிடி ஊசியை என்னிடம் நீட்டிச் சிரித்தார். "என்ன அண்ணி, கை நடுங்க ஆரம்பிச்சிருச்சா?"

வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"ஆமா தம்பி" என்றேன். "எனக்குத்தான்."