கூடுதல் மூன்று கிலோ

"மூணு கிலோ ஏறியிருக்கீங்க, யோகேந்திரா," என்றார் டாக்டர் ராகவேந்திரன். "ஆபரேஷன் ஆகி ஏழு மாசம்தான் ஆச்சு. இரைப்பையைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கி அனுப்பியிருக்காங்க. அதுக்குள்ள எப்படி?"

யோகேந்திரா எடை மேடையில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது அவர் மனைவி ப்ரேமிலா.

"கா கரி, டாக்டர்?" என்ன செய்வது என்பதை அவள் ஃபிஜி இந்தியில்தான் சொல்வாள். "சொன்னா கேக்கறதே இல்ல. ரொட்டி, ஆட்டுக்கறி, மரவள்ளி வறுவல்... பின்கட்டுல ஒளிஞ்சிகினு தின்றாரு."

யோகேந்திரா மனைவியை வியப்போடு பார்த்தார். பிறகு அவசரமாக, "ஆமா டாக்டர், தின்றேன்," என்றார்.

டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. எடை காரணமாக ஒரு தடவை ஆக்லாந்தில் குடியேற விசா மறுக்கப்பட்ட மனிதர் இவர். சென்னைக்குப் போய் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு வந்து, போன மாதம்தான் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கினார். இன்று விசாவுக்குச் சான்று எழுத வேண்டிய நாளில் மறுபடி மேலே நிற்கிறார்.

டிசம்பரில் ஃபிஜியில் நான்காவது ஆட்சிக் கவிழ்ப்பு. அதன் பிறகு நாடி நகரமே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையில், மதுரையிலிருந்து ஃபிஜிக்கு வந்துசேர்ந்த ஒரே ஆள் தான்தான் என்று டாக்டர் சில நாள் நினைத்துக்கொள்வதுண்டு.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உக்காருங்க."

ப்ரேமிலா போனதும் கதவைச் சாத்தினார்.

"எடை ஏறுது. ஆனா கழுத்தெலும்பு தெரியுது, கன்னம் ஒட்டியிருக்கு. ரெண்டும் ஒரே உடம்புல நடக்கக் கூடாதே. பேன்ட்டைக் கழட்டுங்க."

"ஐயோ, எதுக்கு டாக்டர்?"

"அந்த சுலுவைக் கட்டிக்கிட்டு வாங்க." திரைக்குப் பின்னால் லுங்கி மாதிரி ஒரு துணி தொங்கியது.

திரைக்குப் பின்னால் பெல்ட் அவிழும் சத்தம். அடுத்து, ஓர் ஆளே விழுந்ததுபோல் 'தொம்' என்று ஒரு சத்தம்.

தராசு பொய் சொல்லாது என்பது தராசு விற்பவர்களின் கருத்து. பேன்ட் பைகளிலிருந்து டாக்டர் வெளியே எடுத்து மேஜையில் வைத்தவை மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள். பூப்போட்ட புலா சட்டை இடுப்புக்குக் கீழே தொங்கி அத்தனையையும் மறைத்திருந்தது.

"இதுக்குப் பேரு மோசடி, யோகேந்திரா. எடையைக் குறைச்சுக் காட்டறவங்களைப் பார்த்திருக்கேன். கூட்டிக் காட்டற முதல் ஆள் நீங்கதான்."

"மன்னிச்சிடுங்க டாக்டர்." யோகேந்திரா சுலுவைப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கோயில் கமிட்டியில் இருப்பதால் அவரிடம் தமிழ் மிச்சம் இருந்தது. "எனக்குப் போக இஷ்டம் இல்ல."

"பிறகு எதுக்கு ஆபரேஷன்?"

"அவளுக்கோசரம். ரெண்டாயிரத்துல ஆட்சி கவுந்தப்ப, சுவாவுல அவ தம்பி கடையைச் சூறையாடினாங்க. தம்பி ஆக்லாந்து போயிட்டான். நாமளும் போயிடலாம்னு அன்னிக்கே அழுதா. என் ஒடம்பால விசா கெட்டுப்போச்சு. அதான் வயித்தைக் குடுத்தேன்."

"சரி, இப்ப என்ன வந்தது?"

"இப்பதான் டாக்டர் நல்லா இருக்கேன்!" யோகேந்திராவின் முகம் மலர்ந்தது. "ஒயரிங் வேலைக்கு முப்பது வருஷமா இந்த ஊரைச் சுத்தினேன், எல்லாம் வேன்ல உக்காந்தபடி. இப்ப சாயங்காலம் அவளும் நானும் நமாகா மார்க்கெட் வரைக்கும் நடக்கறோம். குனிஞ்சு நானே ஷூ கட்டறேன். பஸ்ல ஒரு சீட்டுல உக்காந்தா பக்கத்துல இன்னொருத்தருக்கும் இடம் இருக்கு. நாலு வாய் தால், ஒரு துண்டு மீன், வயிறு ரொம்பிடுது. ஒத்துக்காம மாசக்கணக்குல வாந்தி எடுத்து எடுத்து, இப்பதான் இந்த ஒடம்போட சிநேகம் ஆச்சு. இதைத் தூக்கிட்டுப் போய்க் குளிர்ல ரூமுக்குள்ள பூட்டி வைக்கணுமா?"

"நாலு வாய்தானா? அப்ப உங்க மனைவி சொன்ன ஆட்டுக்கறி?"

"எனக்கும் அதிசயமாத்தான் இருந்தது. வெளியாளு முன்னாடி அவ என்னை இப்படி விட்டுக் குடுத்ததே இல்ல."

"இஷ்டம் இல்லைன்னு அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"எப்படி டாக்டர்? ஏழு வருஷமா காத்துகினு இருக்கா. தராசு 'நோ' சொன்னா விதின்னு விட்டுடுவா. நான் சொன்னா உள்ளுக்குள்ள அழுதுகினே இருப்பா."

டாக்டருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. சுலுவோடு அவரை மறுபடி மேடையில் ஏற்றினார். முள் எல்லைக்கோட்டுக்குக் கீழே, ஒழுங்காக நின்றது.

"இதைத்தான் எழுதுவேன். போறதா, இருக்கறதாங்கறதை வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. என் தராசை இழுக்காதீங்க. இந்தாங்க, பேன்ட்டைப் போட்டுக்குங்க."

எடுத்துக் கொடுத்தபோது பேன்ட்டின் கால் நுனி மேஜைக் காலில் இடித்தது. 'டொக்.'

"இன்னும் இருக்கா? எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நினைச்சேன்."

"எல்லாம் எடுத்தாச்சே டாக்டர். பையில வச்சதுதான்."

டாக்டர் பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கால்களின் மடிப்புகளும் தடித்திருந்தன. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். தட்டையான ஈயத் துண்டுகள் வரிசையாக மேஜையில் விழுந்தன. ஒன்றுகூட நகராதபடி, ஒவ்வொன்றையும் சுற்றி அழகான, பொடிப்பொடியான கைத்தையல்.

"இது மட்டும் என்னவாம்?"

யோகேந்திரா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது, டாக்டர்."