சகலையின் படகு

ஆவடியில் எங்கள் வீட்டு ஹால், ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லோரும் சகலை கோபியின் செல்போன் மேல் கவிழ்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கோடீஸ்வரர் ஒருவரின் பாய்மரப் படகில் அவனுக்கு வேலை. திரையில் அந்தப் படகு வெள்ளை வெளேரென்று சாய்ந்து போகிறது. பட்டனை அழுத்தியதும் பாய் தானாக விரிகிறது. "எப்டி கீது பாரேன்!" என்கிறாள் என் மனைவி எழிலரசி. ஷோகேஸ் மேல் நான் இரண்டு வருடம் மூங்கில் சீவிக் கட்டிய பழங்காலக் கப்பல் நிற்கிறது. மூன்று பாய்மரங்கள், பாய்களெல்லாம் என் பழைய வேட்டி. அதைப் பார்த்து அவள் சொன்னது, "தூசி அடையுது" என்பதுதான். இன்று கோபி கொண்டுவந்த சாக்லேட் டப்பாவை அதன்மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் டப்பாதான் மின்னுகிறது. கோபி எழுந்து வருகிறான். டப்பாவை நகர்த்திவிட்டு, ஒரு நூல்கயிற்றை நகத்தால் இழுக்கிறான். குட்டிப் பாய் நடுங்கியபடி மேலே ஏறுகிறது. அவன் குரல் இறங்கிவிடுகிறது. "நெசமாவே ஏறுது சகல! எங்க படகுல எல்லாம் பட்டன்தான். இத்தினி வருசத்துல ஒரு தபா கூட நான் பாய்க்கயித்த கையால இழுத்ததில்ல." அடுத்த கயிற்றுக்குக் கை நீட்டுகிறான்.

"தொடாத சகல, பெயின்ட் காயல" என்கிறேன்.

அது காய்ந்து மூன்று வருடம் ஆகிறது.