நாளைக்குத் திருவிருந்து

பந்தலில் போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே செயலர் துரைப்பழம் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் வந்துவிட்டார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம்மா, நாளைக்குத் திருவிருந்துல்லா. ஆச்சி திராட்சரசம் போட்டு வச்சிருப்பாவளே. அந்தப் பரணியை மட்டும் எடுத்துக் குடுத்தேன்னா…"

ஆச்சியின் பேத்தி அவரையே பார்த்தாள்.

ஆச்சி முன்னறையில் கிடக்கிறாள். சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. இந்த மனிதருக்கு ரசம் வேண்டுமாம்.

ஒலிபெருக்கியில் போதகரின் குரல் கணீரென்று கேட்டது. ஞானப்பூ அம்மாள் விசுவாசத்தின் தூண். ஒருநாளும் முறுமுறுக்காத தாயார். சபை கொடுத்த சிட்சையைக்கூடச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்.

சந்தோஷமாயாம்!

அந்தத் தண்டனைக்குக் காரணம் பேத்தியான அவள்தான். முருகன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டு வழக்கம் அது. சபையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆச்சி மட்டும் வந்தாள். வெள்ளைச் சேலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து அட்சதை போட்டாள். பந்தியில் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. ஞானப்பூ அம்மாளுக்கு இனித் திருவிருந்து கிடையாது. அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம்.

ஆச்சி கேட்கவில்லை.

ஆனால் ரசம் மட்டும் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் பேத்தியால் தாங்க முடியவில்லை. கறுப்புத் திராட்சையைக் கழுவித் துடைத்து, பிசைந்து, சீனி சேர்த்து, பரணியில் நிரப்பி, வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, நாள்கணக்கில் காத்திருந்து வடித்தெடுக்கும் ரசம். சபையே முழங்கால்படியிட்டு அதைக் குடிக்கும். போட்டுக் கொடுத்தவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன கிறிஸ்மஸுக்கு ஆச்சி ஒருமுறை எழுந்து போயிருக்கிறாள். மற்றப் பெண்களோடு முழங்கால்படியிட்டுக் கையை ஏந்தியிருக்கிறாள்.

ரசப் பாத்திரம் ஆச்சியைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விட்டது.

ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது என்று பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அத்தைதான் போனில் சொல்லி அழுதாள்.

அன்றே பேத்தி ஆச்சியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். உனக்கு ரோஷமே கிடையாதா? உன் ரசம் இனிக்கிறது, நீ கசக்கிறாயா? இனி ஒரு சொட்டுக் கொடுக்கக் கூடாது.

"ஏட்டி, அது ஆண்டவருக்குள்ளது," என்று சொல்லி ஆச்சி போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்குக் கமிட்டி மேல் இருந்த கோபத்தைவிட ஆச்சி மேல்தான் அதிகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. செத்துக் கிடப்பவள் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எம்மா…" என்றார் துரைப்பழம்.

"நில்லுங்க. எடுத்துட்டு வாரேன்."

கொண்டுவந்து அவர் காலடியில் போட்டு உடைப்பதாகத்தான் எண்ணம். அந்தச் சலவை வேட்டி முழுக்கக் கறையாகட்டும். அதோடு பந்தலில் போய் உட்காரட்டும்.

உள்ளறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள்.

பரணி மூலையில் கவிழ்ந்திருந்தது.

ஆச்சி கழுவித் துடைத்துக் கவிழ்த்திருக்கிறாள். வேடு கட்டும் துணி துவைத்து மடித்து அதன்மேல் இருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

அடுக்களைக்குத் திரும்பினாள். அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்த செல்லக்கனி அத்தையிடம் கேட்டாள்.

"ஆச்சி இந்தத் தடவை திராட்சை வாங்கலையா?"

"வாங்காமயா? நானும் அவியளும்தான் சந்தைக்குப் போய்க் கூடை நிறைய வாங்கிட்டு வந்தோம். வந்ததும் வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, போற வாரவியளுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்துட்டாவ. திருவிருந்துக்கு வேண்டாமா பெரியம்மான்னு கேட்டேன். 'பேசாமத் தின்னுட்டி'ன்னாவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

துரைப்பழம் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"பாவம், மறந்துட்டாவ. வயசாயிட்டுல்லா. பரவாயில்ல, கடையில வாங்கிக்கிடுதோம். மறந்துட்டாவன்னு போதகர் ஐயாட்ட சொல்லிக்கிடுதேன்."

மறந்துவிட்டாளாம்! நாளைக்குச் சபை முழுக்க அதையே சொல்லும். பாவம் ஞானப்பூ, கடைசியில் நினைவு தப்பிவிட்டது என்பார்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை ஆச்சி காட்டிய கோபத்தையும் பெட்டியோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள்.

அவள் போய் வாசலை மறித்து நின்றாள்.

"அவிய மறக்கல அண்ணாச்சி. தரமாட்டேன்னுட்டாவ. ஐயாட்ட அப்படியே சொல்லுங்க."

"இந்த நேரத்துல போயி…" என்று இழுத்தார்.

"நீங்க சொல்லுதியளா, நான் மைக்குல சொல்லட்டுமா?"

துரைப்பழம் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பந்தலைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரத்தில் போதகரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

அவள் முன்னறைக்குப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள்.

"முகத்தைப் பாரேன், என்ன ஒரு சாந்தம்," என்றாள் சபையில் ஒருத்தி.

பேத்தி குனிந்து பார்த்தாள்.

ஆச்சியின் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சுளிப்பு அப்படியே நின்றிருந்தது.

அந்தப் பெண்ணும் அதைக் கண்டுவிட்டாள். நீவிச் சரிசெய்ய விரலை நீட்டினாள்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.