தணிச்சு வைங்க

"சுவர் அதிரணும். இஸ்பாஸ் வீட்டு அலமாரியில இருக்கிற கண்ணாடி டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கணும். அந்த மாதிரி ஸ்பீக்கராக் கொடுங்க."

லுக்ரெட்சியா கைப்பையை மேசைமேல் ஓங்கி வைத்தாள். கடைக்காரர் தோரினுக்குச் சுருக்கென்றது. கிரயோவா நகரில் இருபத்தாறு வருடமாக ஸ்பீக்கர் விற்கிறார். டம்ளரை வைத்துத் தரம் கேட்டவர்கள் இதுவரை வந்ததில்லை.

"அறை எவ்வளவு பெருசும்மா?"

"பதினாறு சதுர மீட்டர். பழைய அடுக்குமாடிதானே, மேல கீழ எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு."

"அப்ப இந்தச் சின்னது போதும்." அலமாரியில் வைக்கிற முழ உயர ஜோடியைக் காட்டினார். "குரல் சுத்தமா வரும். அந்த நெட்டை ஸ்பீக்கரைச் சின்ன அறையில நிறுத்தினா, கனத்த சத்தமெல்லாம் சுவத்துல முட்டி முட்டிக் குழம்பிப் போயிடும். பாட்டு நாசம்."

"சின்னது இருபது வருஷமா இருக்கு. எனக்கு நெட்டைதான் வேணும்."

"யானையை வாங்கிக் கோழிக்கூண்டுல அடைக்கப் போறீங்க."

"யானை நான் வாங்குறது. உங்களுக்கு எங்க வலிக்குது?"

தோரினுக்கும் ஏறிவிட்டது. பொருந்தாத பொருளை விற்பதைவிடக் கதவைச் சாத்திக்கொண்டு போகலாம் என்று நினைக்கிற மனிதர். "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர் தன் காதால கேட்டுட்டுச் சொல்லட்டும்" என்றார்.

அவள் முகம் சிவந்தது. "அவர் கேட்டார், தம்பி. இதே கடையில நெட்டையைத்தான் கேட்டார். ரெண்டு சவப்பெட்டியை நிக்க வைக்க என் வீட்டுல இடமில்லைன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவ நான். சரின்னு சின்னதை வாங்கினார். அதையாவது நிம்மதியாக் கேக்க விட்டானா அந்த ஆளு?"

இஸ்பாஸ் கீழ் வீட்டுக்காரர் என்பது மெல்லப் புரிந்தது. அவள் கணவர் த்ராயன் பாட்டுப் போட்டால் போதும், அடுத்த நிமிடம், வீடுகளைச் சூடாக்க மாடிதோறும் ஓடும் கணப்புக் குழாயில் இஸ்பாஸ் கரண்டியால் தட்டுவாராம். டங், டங், டங். தணிச்சு வைங்க என்று அர்த்தம். பதினெட்டு வருடம் இதே கதை. த்ராயன் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு கேட்பாராம்.

"ரெண்டு பேரும் ஒரே வருஷம் பொறந்தவங்க. ஒருத்தருக்குக் காதுல தேன், இன்னொருத்தனுக்கு விஷம்" என்றாள். "சனிக்கிழமை காலையில வந்தாகணும். அதுக்கப்புறம் வந்தாப் பிரயோசனமில்ல."

"என்ன, பொறந்தநாளா?"

"சனிக்கிழமைன்னு எழுதிக்குங்க."

சனிக்கிழமை தோரினே வண்டியில் கொண்டுபோனார். வாசலில் கறுப்புக் கோட்டும் கையில் மடித்த வெள்ளைத் துண்டுகளுமாக அவள் காத்திருந்தாள். பெட்டியைப் பிரித்து நெட்டை ஸ்பீக்கர்கள் இரண்டையும் லிஃப்டில் ஏற்றி, நான்காம் மாடிப் பொத்தானுக்கு அவர் கை நீட்டுவதற்குள் அவள் மூன்றை அழுத்தினாள்.

"நாலுன்னுதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நாலு என் வீடு. மூணை அழுத்தினா மூணுலதான் நிக்கும்."

"அம்மா, சண்டைக்குச் சாட்சி சொல்ல நான் வரல. ஸ்பீக்கரை இறக்கிட்டுப் போறவன்."

அவள் மூன்றாம் மாடிக் கதவின் மணியை விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

வீட்டுச் செருப்போடு இஸ்பாஸ் வந்து திறந்தார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. நல்லா வேணும் என்று தோரினுக்குத் தோன்றியது.

அவள் ஸ்பீக்கருக்கு ஒன்றாக வெள்ளைத் துண்டைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டினாள். பிறகு பையிலிருந்து மெல்லிய மெழுகுவத்தி ஒன்றை எடுத்து ஏற்றி, இஸ்பாஸின் கையில் திணித்தாள்.

தோரினின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"வேணாம்மா." இஸ்பாஸின் குரல் உடைந்தது. "இதை வாங்க எனக்கு யோக்கியதை இல்ல. வேற யாருக்காவது கொடுங்க."

"தானம்னா வயசு ஒத்த ஆளுக்குக் கொடுக்கிறதுதான் முறை. பிடிங்க." அவள் கோபம் இம்மியும் குறையவில்லை. அதே மூச்சில் சொன்னாள்:

"த்ராயன் போய் இன்னிக்கு நாப்பது நாள். நீங்க இங்க போட்டாத்தான் அவருக்கு அங்க கேக்கும், தணிச்சு வைக்காதீங்க."